பாடநூலின் வாசகர் யார்? – குவாண்டம் பொறிமுறை நூல்கள் சில பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

தமிழில் அறிவியல் எழுதுதல் பற்றிய நமது உரையாடல் பெரும்பாலும் கலைச்சொல்லோடு தொடங்கிக் கலைச்சொல்லோடே முடிந்துவிடுகிறது. ஒரு சொல் வடமொழியா தமிழா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வழக்குத் தீர்ந்தபின் நூல் தானே எழுதப்பட்டுவிடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) தனிச்சொற்களை மட்டும் ஆக்கித் தந்தவரல்லர். உடற்கூறு, மகப்பேறு, இரணவைத்தியம் முதலிய துறைகளில் முழு நூல்களையே தமிழிற் கொண்டுவந்தவர் அவர். மாணவர் ஒருவர் தம்முன் அமர்ந்திருக்கிறார், அவருக்கு எதை முதலிற் சொல்வது, எதைப் பின்னர்ச் சொல்வது என்னும் வினாவோடு அவர் எழுதினார். அவ்வினாவை நாம் கைவிட்டு நெடுங்காலமாயிற்று.

பாடநூலும் ஓர் எழுத்து வகையே. அதற்கும் எடுத்துரைப்பு முறை உண்டு. தொடக்கமும் உச்சமும் உண்டு. ஆசிரியர் மனத்திற் கொண்ட வாசகர் ஒருவரும் உண்டு. நாவலையும் கவிதையையும் நோக்குமாறு பாடநூலையும் நோக்கி, இது யாருக்காக எழுதப்பட்டது, யாரை வாசலில் நிறுத்திவிடுகிறது என்று வினவுதல் திறனாய்வாளர் கடனென்று நாம் கருதுகிறோம். குவாண்டம் பொறிமுறையை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளில், குவாண்டம் தகவலியல் என்னும் புதிய துறையின் தோற்றத்தால், இப்பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதே மறுபரிசீலனைக்குரியதாகியுள்ளது. 2025ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை குவாண்டம் அறிவியலுக்கும் தொழினுட்பத்துக்கும் உரிய சர்வதேச ஆண்டாகக் கொண்டாடியது. கொண்டாட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகியை முன்வைத்து நாம் இந்நூல்களைப் படிக்க விரும்புகிறோம்.

அவ்வாசகி பசறையைச் சேர்ந்தவர். பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி நோக்கிச் செல்லும் பெருவீதியில், நமுனுகுலை மலையின் அயலில் அமைந்த சிறு பட்டினம் பசறை. சூழவுள்ளவை தேயிலைத் தோட்டங்கள். தாய் கொழுந்து பறிப்பவர். இவர் எவரேனும் ஒரு தனியாளல்லர். நாம் நமது வாதத்தின் பொருட்டு அமைத்துக்கொண்ட வாசகி. ஆயின் அவருடைய சூழல் கற்பனையன்று. 1948இலும் 1949இலும் இயற்றப்பெற்ற சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த மக்களின் வழிவந்தவர் அவர். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பிற்குள் வரத்தொடங்கியது 1970களிலேதான். கணிதமும் பௌதிகவியலும் தமிழிற் கற்பிக்கும் உயர்தர வகுப்பைத் தேடிச் செல்லவேண்டிய நிலை அப்பகுதி மாணவர்க்கு இன்றும் புதிதன்று. பல்கலைக்கழக அனுமதியிற் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் இடங்களுக்கு உரித்துடைய மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

இவ்வாசகி க.பொ.த. உயர்தரத்தில் எவற்றைக் கற்று வருகிறார் என்பது நமக்கு முக்கியமானது. பௌதிகவியலில் 'சடமும் கதிர்வீச்சும்' என்னும் அலகு உள்ளது. கரும்பொருட் கதிர்வீச்சு, ஒளிமின் விளைவு, த புறோக்லியின் சடப்பொருள் அலை ஆகியன அதில் இடம்பெறுகின்றன. இணைந்த கணிதத்தில் சிக்கலெண், காவி, அவற்றின் எண்ணிப் பெருக்கம், தாயம், நிகழ்தகவு என்பன உள்ளன. இவை யாவும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. கலைத்துறையினருக்கு 1960 முதலே பல்கலைக்கழகத்திலும் தாய்மொழி வழிக் கல்வி கிடைத்தது. விஞ்ஞானத்துறை ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. எனவே பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லும் நமது வாசகி, மூன்றாம் ஆண்டிற் குவாண்டம் பொறிமுறையை எதிர்கொள்ளும்போது, தம் கணிதத்தைத் தமிழிலும் அதன் விளக்கவுரையை அரைகுறையாகப் பழகிய ஆங்கிலத்திலும் வைத்திருக்கிறார். (2005இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் பசறை வீதியிலேயே அமைந்துள்ளது. தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் அங்கு ஒரு பட்டப்படிப்பு. தாய் பறித்த கொழுந்துக்குப் பெறுமதி சேர்க்க மகள் கற்கலாம் என்பது நல்லதே. அவர் அணுவைப் பற்றியும் கற்க விரும்பக்கூடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.)

நூல்களுக்குச் செல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். நமது சொற்றொகுதிகளும் பாடநூல்களும் குவாண்டம் என்பதனைச் 'சத்திச்சொட்டு' என்று வழங்கின. அழகிய சொல். 1900இல் மக்ஸ் பிளாங் கூறியதையும் 1905இல் ஐன்ஸ்ரைன் ஒளிபற்றிக் கூறியதையும் அச்சொல் கண்முன் நிறுத்துகிறது: சத்தி நீரோட்டம்போலன்றிச் சொட்டுச்சொட்டாக வருகிறது. ஆயின் 1925-26இல் ஐசன்பேர்க், சுரோடிங்கர், டிராக் முதலியோர் ஆக்கிய கொள்கையின் உயிர்நிலை சொட்டில் இல்லை. சுயாதீனமாகச் செல்லும் இலத்திரனின் சத்தி சொட்டுச்சொட்டாக அமைவதில்லை. எனினும் அதுவும் குவாண்டம் பொறிமுறைக்கு உட்பட்டதே. அக்கொள்கையின் உயிர்நிலை மேற்பொருந்துகை. இரு நிலைகள் சாத்தியமெனின் அவற்றின் சிக்கலெண் மடங்குகளைக் கூட்டிப் பெறும் மூன்றாம் நிலையும் சாத்தியமே என்னும் விதி அது. 'சொட்டு' என்னும் சொல் வரலாற்றின் முதல் அத்தியாயத்தை மட்டும் தன்னுள் கொண்டது. அதனையே துறை முழுவதற்கும் பெயராக்கினால் மாணவர் 1905இலேயே தங்கிவிடுவர். ஆகவே இக்கட்டுரையில் 'குவாண்டம்' என்ற ஒலிபெயர்ப்பையே ஆள்கிறோம். தூய தமிழ் ஆர்வலர் பொறுத்தருள்வாராக. 'மேற்பொருந்துகை' நமது உயர்தர அலைப்பாடத்திலேயே வழங்கும் சொல். இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் கையிலிருக்கையில் அதனைப் பயன்கொள்ளாது சொட்டைப் பற்றிக்கொண்டிருந்தமை வியப்பே.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மத்தியூஸ், வெங்கடேசன் இருவரும் எழுதி 1976இல் வெளிவந்த நூல் இந்தியப் பல்கலைக்கழகங்களிற் பரவலாக வழங்கியது. கணிப்பில் ஐயத்துக்கிடமில்லாத நூல். பழைய பௌதிகத்தின் போதாமையிலிருந்து தொடங்கி, அலைச்சார்புக்கும் சுரோடிங்கர் சமன்பாட்டுக்கும் வந்து, கிணறுகளையும் தடுப்புகளையும் தாண்டி, ஐதரசன் அணுவை அடையும் மரபுவழிப் பாதையே அதன் பாதையும். அமெரிக்காவின் டேவிட் கிரிபித்ஸ் 1995இல் வெளியிட்ட நூல் இம்மரபைச் சுருக்கி இன்னும் விரைவுபடுத்தியது. வரலாற்று முன்னுரையைக்கூட அவர் விட்டுவிடுகிறார். முதல் இயலின் முதற் பகுதியிலேயே சுரோடிங்கர் சமன்பாடு வந்து நிற்கிறது. நண்பரோடு உரையாடுவதுபோன்ற அவர் நடை இனியது. ஆனால் அவ்வுரையாடலின் இனிமையே நமது வாசகிக்குத் தடையாகிவிடுகிறது என்பதை எத்தனை ஆசிரியர் அவதானித்திருப்பர்? நகைச்சுவையும் மரபுத்தொடரும் நிறைந்த ஆங்கிலம், சமன்பாட்டைவிடக் கடினமானது. கணிதத்தை விளங்கிக்கொண்டவர் அதனைச் சூழ்ந்த பேச்சை விளங்காது தமக்குக் கணிதமே விளங்கவில்லையென்று எண்ணிக்கொள்கிறார். இதனை வகுப்பறையிற் காணாத ஆசிரியர் நம்முள் இல்லை.

மொழித் தடையினும் பெரிது வைப்புமுறை பற்றிய வினா. பகுதி வகையீட்டுச் சமன்பாடு, எல்லை நிபந்தனை, சிறப்புச் சார்புகள் ஆகியவற்றைக் கடந்தபின்னரே மாணவருக்கு மேற்பொருந்துகை என்றால் என்ன, அளவீடு என்றால் என்ன என்பன தெரியவருகின்றன. கிரிபித்ஸ் நூலின் 2005ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பை எடுத்து நோக்குக. ஐன்ஸ்ரைன், பொடொல்ஸ்கி, ரோசன் ஆகியோர் 1935இல் எழுப்பிய வினா, பெல்லின் தேற்றம், நகலெடுத்தல் இயலாமை, சுரோடிங்கரின் பூனை, மிஸ்ராவும் கோட்டயத்திற் பிறந்து சென்னையில் பயின்ற ஈ. சீ. ஜோ. சுதர்சனும் 1977இல் எடுத்துக்காட்டிய சீனோ விளைவு ஆகிய யாவும் 'பின்னுரை' என்ற தலைப்பின்கீழ் நூலின் கடைசிச் சில பக்கங்களில் அடக்கப்பட்டுள்ளன. தவணை முடிவதற்குள் பின்னுரைக்கு வந்துசேரும் விரிவுரையாளர் அரியர். இன்று ஒரு புதிய துறையின் அத்திவாரமாக விளங்குபவை அன்று பின்னுரையில் இருந்தன.

இதனைத் தற்செயலென்று விடுதல் இயலாது. கணி, விளக்கம் கேளாதே என்னும் மனப்பாங்கு இரண்டாம் உலகப் போரின் பின் பௌதிகக் கல்வியில் மேலோங்கியது. பெருந்தொகைப் பணமும் பெருந்தொகை மாணவரும் இராணுவத் தேவைகளும் சேர்ந்து அதனை வளர்த்தன. டேவிட் போமின் வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. இடதுசாரித் தொடர்புகள் காரணமாக அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அழைக்கப்பட்டு, வாய்திறக்க மறுத்து, வழக்கில் விடுதலை பெற்றும் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் தொடர இடமின்றி, 1951இல் பிரேசிலுக்குச் சென்றவர் அவர். குவாண்டம் பொறிமுறையை வேறுவிதமாக விளக்கலாமென்று காட்டிய அவருடைய 1952ஆம் ஆண்டுக் கட்டுரைகளை அக்காலத்துப் பெரியோர் பொருட்படுத்தினாரில்லை. ஜோன் பெல் பொருட்படுத்தினார். அங்கிருந்து எழுந்த வினாவே 1964இல் அவருடைய தேற்றமாயிற்று. கிளவுசரும் பிரீட்மனும் 1972இலும் அலன் அஸ்பெ குழுவினர் 1981-82இலும் அதனைப் பரிசோதனைக்குட்படுத்தினர். 2022இல் அஸ்பெ, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எது பாடத்தின் நடுவிலிருக்க வேண்டும், எது பின்னுரைக்குச் செல்லவேண்டும் என்பதை அறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

மாற்று வைப்புமுறை புதியதன்று, பழையதே. டிராக் 1930இல் வெளியிட்ட நூல் மேற்பொருந்துகைத் தத்துவத்திலிருந்தே தொடங்குகிறது. ஒளியின் முனைவாக்கமே அதன் முதல் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஆனால் டிராக்கின் வாசகர் கேம்பிரிட்ஜ் மாணவர். படமோ பயிற்சியோ இன்றித் தூய உரைநடையாலும் குறியீட்டாலும் இயங்கும் அந்நூல், தன்னை விளங்கிக்கொள்ளாதவரைப் பற்றிக் கவலைகொள்வதில்லை. அவரிடம் நேரடியாகப் பயின்ற தமிழர் ஒருவர் நம் நாட்டிற் பிறந்தார் என்பதை நாம் மறந்துவிட்டோம். கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் (1918-2001) கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராயிருந்து, 1943இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சின் எதிர்த்தாக்கத்தைப் பழைய பௌதிகத்திற் சேர்த்துக் கணித்தால் புரோத்தனை நேரே நோக்கி வரும் இலத்திரன் அதனை ஒருபோதும் சென்றடையாது திரும்பி ஓடிவிடும் என்னும் விசித்திர முடிவை நிறுவினார். பழைய பௌதிகம் ஐதரசன் அணுவின் முன் எவ்வாறு தடுமாறுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய அவர், பின்னர் மலாயாவுக்கும் அதன்பின் மெல்பேணின் லா துரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அவர் கொழும்பிற் பேராசிரியராயிருந்த காலமும் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டிருந்த காலமும் ஒன்றே. தமிழர் சாதனையென்று ஒருமையிற் பேசுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தல் நன்று.

ரிச்சர்ட் பைன்மன் 1965இல் வெளியான தம் விரிவுரைகளின் மூன்றாம் தொகுதியில் டிராக்கின் வழியைப் பொதுமாணவர்க்குரியதாக்கினார். இரு துளைப் பரிசோதனை, நிகழ்தகவு வீச்சம், தற்சுழற்சி, அமோனியா மூலக்கூற்றின் இரு நிலைகள் என்று செல்லும் அவர், அலைச்சார்பை நோக்கித் திரும்புவது பதினாறாம் இயலிலேதான். ஐதரசன் அணு பத்தொன்பதாவதில். இருபத்தொரு இயல்கள் கொண்ட நூலில் இது துணிந்த செயல். அமோனியாவை அவர் கையாளும் இடம் எம்மை இன்றும் கவர்வது: நைதரசன் அணு மேலே அல்லது கீழே என்னும் இரண்டே நிலைகளைக்கொண்டு, இரண்டுக்கிரண்டு தாயமொன்றால், ஓர் உண்மை மூலக்கூற்றின் நடத்தையைக் கணித்துவிடுகிறார். இருப்பினும் பைன்மனுடைய நூலிற் பயிற்சி வினாக்கள் உடன் அமையவில்லை. பேச்சுவழக்கு ஆங்கிலம் இங்கும் ஓடுகிறது. தனித்துப் படிக்கும் மாணவருக்கு அது துணையாகுமேயன்றித் தாங்கியாகாது.

2000ஆம் ஆண்டில் நீல்சனும் சுவாங்கும் வெளியிட்ட குவாண்டம் கணிப்பும் குவாண்டம் தகவலும் பற்றிய நூல் பௌதிகவியலாளரை மட்டும் நோக்கி எழுதப்பட்டதன்று. கணினி விஞ்ஞானம் பயின்று, பௌதிகம் அறியாதுவரும் ஒருவருக்கும் குவாண்டம் பொறிமுறையைச் சொல்லியாகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே இரண்டாம் இயலில் ஏகபரிமாண அட்சரகணிதத்தை முதலில் தந்து, அதன்மேல் எடுகோள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றனர். (ஏகபரிமாணம் என்ற நமது சொல் இங்கே இடர்தருகிறது. பரிமாணம் இரண்டாகவோ நான்காகவோ உள்ள வெளிகளைப் பற்றியே முழுப் பேச்சும் நிகழ, அதன் பெயர் ஏகபரிமாணம்! தமிழகத்தார் வழங்கும் 'நேரியல்' என்பது மேலானது. அதனை ஏற்பதில் நமக்குத் தாழ்வில்லை. இனி அச்சொல்லையே ஆள்வோம்.) அந்நூலின் கட்டாயம் நமக்கு ஒரு வாய்ப்பாகிறது. பௌதிகம் அறியாத கணினி மாணவருக்காகத் திறக்கப்பட்ட வாயில், வகையீட்டுச் சமன்பாடுகளிற் போதிய பயிற்சியின்றி வரும் பசறை மாணவிக்கும் திறந்தேயிருக்கிறது. நீல்சனும் சுவாங்கும் அவரை எண்ணி எழுதவில்லை. எனினும் எடுத்துரைப்பு முறையின் விளைவு ஆசிரியர் நோக்கத்தைக் கடந்துசெல்வது இலக்கியத்தில் நாம் அறியாததன்று.

இதனை வெறுங்கூற்றாக விடாது, தமிழ் உரைநடை எவ்வளவு தூரம் செல்லவல்லது என்பதற்கு ஒரு தேற்றத்தை இங்கேயே சொல்லிப் பார்ப்போம். இரு நிலைகளை மட்டும் உடைய தொகுதியொன்றை எடுத்துக்கொள்க. ஒளித்துணிக்கையின் கிடை முனைவாக்கமும் நிலைக்குத்து முனைவாக்கமும் போன்றது. அவற்றை 0, 1 என்போம். இதுவே குவாண்டம் பிட்டு. எந்த நிலையைத் தந்தாலும் அதன் நகலொன்றை ஆக்கித்தரும் பொறி ஒன்று உண்டெனக் கொள்வோம். 0 ஐத் தந்தால் 00 வரும். 1 ஐத் தந்தால் 11 வரும். இப்பொழுது இரண்டின் சமமான மேற்பொருந்துகையாகிய 0+1 ஐத் தருவோம் (எண்காரணிகளை வசதிக்காக விட்டுள்ளோம்). குவாண்டம் பொறிமுறையில் நிலைகள் காலத்தோடு மாறும் விதி நேரியலானது. கூட்டலின் விளைவு விளைவுகளின் கூட்டலே. எனவே பொறி 00+11 ஐத் தரும். ஆனால் உண்மையான நகல் எனின் (0+1) ஐ (0+1) ஆற் பெருக்கிவரும் 00+01+10+11 அன்றோ வேண்டும்? இரண்டும் ஒன்றல்ல. ஆகவே அத்தகைய பொறி இருத்தல் இயலாது.

வூட்டர்சும் சூரெக்கும் ஒருபுறமும் டீக்ஸ் மறுபுறமும் 1982இல் வெளியிட்ட தேற்றம் இவ்வளவே. ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்பலாமென எழுந்த ஒரு முன்மொழிவை ஆராயப்புகுந்தபோதே இது கண்டறியப்பட்டது. இரண்டாண்டின்பின் பெனற்றும் பிரசாட்டும் வகுத்த இரகசியத் திறவுகோற் பகிர்வு முறையின் பாதுகாப்பு, நகலெடுக்க இயலாமையோடு நெருங்கிய தொடர்புடையது. மேலும், நம் பொறி தந்த 00+11 என்னும் நிலை வீணன்று. அதுவே பின்னிப்பிணைந்த நிலை. தனித்தனி இரு நிலைகளின் பெருக்கமாக அதனைப் பிரிக்கமுடியாது என்பதை வாசகர் தாமே இரண்டு வரிகளிற் சரிபார்க்கலாம். அதனைச் சரிபார்க்கும் மாணவி, கிரிபித்ஸ் பின்னுரையில் வைத்ததைத் தம் முதல் வாரத்திலேயே கையிலெடுத்துவிடுகிறார்.

பெல்லின் தேற்றமும் அவ்வாறே. 1969இல் கிளவுசர், ஹோண், சிமொனி, ஹோல்ற் ஆகியோர் தந்த வடிவத்தை எடுப்போம். தொலைவிலுள்ள இரு நிலையங்களுக்குப் பின்னிப்பிணைந்த துணிக்கைச் சோடி ஒன்று அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு நிலையத்தவரும் இரு அளவீடுகளுள் ஒன்றைத் தெரிந்து செய்வர். விடை +1 அல்லது −1. அளக்குமுன்னரே விடைகள் துணிக்கைகளில் எழுதப்பட்டுள்ளன என்றும், ஒரு நிலையத்தின் தெரிவு மற்றதன் விடையைப் பாதிப்பதில்லை என்றும் கொள்வோம். அவ்விடைகளை அ1, அ2, ஆ1, ஆ2 என்க. அ1(ஆ1+ஆ2)+அ2(ஆ1−ஆ2) என்னும் கோவையில் ஓர் அடைப்பு பூச்சியமாகும்போது மற்றது +2 அல்லது −2 ஆகும். ஆகவே கோவை முழுவதும் +2 அல்லது −2. பன்முறை அளந்து எடுக்கும் சராசரி 2 ஐ விஞ்சமுடியாது. இதற்குச் சாதாரணதர அட்சரகணிதம் போதும். குவாண்டம் பொறிமுறையோ 2√2, அதாவது ஏறத்தாழ 2.83 வரை செல்லலாமென்கிறது. பரிசோதனைகள் 2 ஐ விஞ்சின. சந்தேகத்துக்கு இடமளித்த ஓட்டைகளை அடைத்து 2015இற் செய்யப்பட்டவையும் விஞ்சின. நாம் மேற்கொண்ட எடுகோள்களுள் ஒன்றேனும் இயற்கைக்குப் பொருந்தாது.

இவ்விடத்தில் உவமை பற்றி எச்சரிக்கை வேண்டும். மாலையில் நிறுவைக் கொட்டிலில் கொழுந்து நிறுக்கப்படுவதை நமது வாசகி சிறுவயது முதல் அறிவார். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படுவதையும், அதன்பொருட்டு எழும் வாக்குவாதங்களையும் அறிவார். அளவீடு அளப்பவரைச் சார்ந்தது என்பது அவருக்கு நூலறிவன்று. 'பார்த்தீர்களா, குவாண்டம் பொறிமுறையும் இதையே சொல்கிறது' என்று எழுத விரும்பும் ஆர்வலர் பலர் வரக்கூடும். அது பிழை, பிழை மட்டுமன்று, அநீதியும்கூட. கூடையிலுள்ள கொழுந்துக்கு நிறுக்குமுன்னரே ஒரு நிறை உண்டு. தாய் பறித்தது இத்தனை கிலோ என்பது தராசைப் பொறுத்ததன்று. அதனாலேயே குறைத்து எழுதுவது களவாகிறது. பெல்லின் கோவையில் விடைகள் முன்னரே எழுதப்பட்டுள்ளன என்று கொண்டோமே, அதற்கு நேரான எடுத்துக்காட்டு இந்நிறுவையே. இயற்கை மீறுவது இதனைத்தான் என்று சொல்லும்போது உவமை தன் எல்லையைக் காட்டி நிற்கிறது. எல்லையைக் காட்டும் உவமையே பாடநூலுக்கு வேண்டியது.

முற்போக்கு வாசகருக்கு இங்கே ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வரலாம். 1909இல் லெனின் வெளியிட்ட பொருள்முதல்வாத நூலின் ஒளியில், குவாண்டம் பொறிமுறையின் கொப்பன்கேகன் விளக்கம் கருத்துமுதல்வாதமே என்று சோவியத் அறிஞர் சிலர் சாடினர். வேறு சிலர், குறிப்பாக வி. ஏ. பொக், அவ்வாறன்றென வாதிட்டார். மறுபுறத்தில் 1975இல் கப்ராவின் நூல் வந்தது முதல், நடராசர் ஆடலும் துணிக்கைகளின் ஆடலும் ஒன்றென்னும் பேச்சு நம்மவரிடையே பெருகிற்று. 2004இல் ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுகூட வளாகத்தில் இந்திய அரசின் அன்பளிப்பாக நடராசர் சிலை நிறுவப்பட்டபின் இன்னும் பெருகிற்று. சிலை அழகியது; வாதம் அவ்வாறன்று. நோக்குபவரின் மனமே உலகை ஆக்குகிறது என்பதற்கு மேற்கூறிய கோவையில் எந்த இடமும் இல்லை. விடையைப் பதிவது உணர்கருவி. அருகில் எவரும் இல்லாவிடினும் பதியும். முன்னரே எழுதப்பட்ட விடைகளும், தொலைவிலுள்ளது தொலைவிலுள்ளதைப் பாதியாமையும் ஒருங்கே நிலைக்கமுடியாது என்பது பரிசோதனையால் அறியப்பட்ட செய்தி. பொருள்முதல்வாதி அதனை ஏற்றுத் தம் தத்துவத்தை வளர்க்கவேண்டும். ஆன்மிகவாதி அதற்குமேல் எதையும் அதிலிருந்து பெறமுடியாது. இதனைப் பின்னுரையில் ஒளித்துவைக்கும் பாடநூல் இருசாரார் மயக்கத்துக்கும் இடங்கொடுக்கிறது.

நமது நிலைப்பாட்டுக்கு எதிரான வாதம் ஒன்றில் நியாயமுண்டு. இரு நிலைகளிலிருந்து தொடங்கும் மாணவர், இயக்கசத்தி, நிலைத்தடுப்பைத் துளைத்துச் செல்லல், ஐதரசனின் நிறமாலை ஆகியவற்றை எப்பொழுது கற்பார்? பௌதிகம் தாயப் பெருக்கமாகச் சுருங்கிவிடாதா? குவாண்டம் தகவலியலை மட்டும் கற்று, அணுவைக் காணாது பட்டம் பெறுவது நிச்சயமாகக் குறைபாடே. குவாண்டம் கணினி நாளையே வந்து வேலை தரப்போகிறது என்னும் விளம்பரத்துக்கும் நாம் உடன்படவில்லை. ஆயின் பைன்மன் காட்டியவாறு, இரு நிலைகளிலிருந்து எண்ணற்ற நிலைகளுக்கும் அங்கிருந்து அலைச்சார்புக்கும் செல்லும் பாதை உண்டு. அப்பாதையில் மாணவி ஐதரசனை அடையும்போது, தாம் செய்வது என்னவென்று அறிந்தே வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்ப்பார். மரபுவழிப் பாதையில் தீர்வு முதலில் வருகிறது, பொருள் பின்னர் வருகிறது, பலருக்கு வருவதேயில்லை.

ஆகவே வேண்டப்படுவது ஆங்கிலப் பாடநூலை நீக்கும் தமிழ்நூலன்று. அதனோடு உடன்வைத்துப் படிக்கத்தக்க துணைநூலொன்று. முனைவாக்கம், இரு நிலை, மேற்பொருந்துகை, நகலெடுக்க இயலாமை, பின்னல், பெல் என்பன நூறு பக்கங்களுள் அடங்கும். கணிதம் உயர்தரத்தில் உள்ளதே. அத்தகைய நூலின் முதல் இயலை வரைந்து பார்க்க முற்பட்டபோது எமக்கு எதிர்ப்பட்ட முதல் இடர் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் இருந்தது. 'நிலை' என்னும் சொல்லை உயர்தர மாணவர் நிலையியலில் கற்று வருகிறார். அங்கே அது அசையாமையைக் குறிக்கிறது. இங்கோ கணந்தோறும் மாறிக்கொண்டிருப்பதன் பெயரும் நிலையே. 'நிலைமை' என்றால் சமூகவியல் மணக்கிறது. 'தன்மை' என்றால் பண்போடு மயங்குகிறது. 'நிலை' என்றே வைத்துக்கொண்டு, முதற் பக்கத்திலேயே இக்குழப்பத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவது என்று இப்போதைக்குத் துணிந்துள்ளோம்.